ஊரைப் பாடமாக்கிய பேராசிரியர் கில்பர்ட் சிலேட்டர்

விழுப்புரம் மாவட்டத்தில் திருவெண்ணெய்நல்லூர் வட்டாரத்தில் இருவேல்பட்டு என்னும் சிற்றூர் உள்ளது. அங்கே செஞ்சியைப் போல் மலைக்கோட்டை இல்லை. மேல்மலையனூரைப் போல் அமாவாசைதோறும் மக்கள் வெள்ளம் திரளும் திருக்கோயிலும் இல்லை. நெல்லும் கரும்பும் விளையும் எளிய உழவர் ஊர் அது. ஆயினும் கடல் கடந்த பல்கலைக்கழகங்களில் இந்தியக் கிராமங்களின் பொருளியலைப் பயில்வோர் அவ்வூரின் பெயரை அறிவர். 1916, 1936-37, 1961, 1981, 2008 என ஒரு நூற்றாண்டுக்குள் ஐந்து முறை அவ்வூரின் நிலமும் கூலியும் கடனும் வீடும் மாடும் எண்ணி எழுதப்பட்டுள்ளன. பேரரசுகளின் தலைநகரங்களுக்குக்கூட வாய்க்காத தொடர்ச்சியான வரலாறு ஒரு சிற்றூருக்கு வாய்த்தது எங்ஙனம்? விடுமுறைக்கு ஊர் திரும்பும் கல்லூரி மாணவர் கையில் ஒரு பேராசிரியர் வினாத்தாள் ஒன்றைக் கொடுத்தனுப்பினார். அதுவே தொடக்கம். அவர் பெயர் கில்பர்ட் சிலேட்டர்.

பொருளியல் மாணவர் சிலர் இப்பெயரை அடிக்குறிப்புகளில் கண்டிருக்கலாம். தமிழ் பயில்வோருள் சிலர் திராவிடப் பண்பாட்டைப் பற்றி எழுதிய ஆங்கிலேயர் என்ற அளவில் அறிந்திருக்கலாம். அவர் வாழ்க்கையை முழுமையாக எடுத்துரைக்கும் தமிழ்க் கட்டுரைகள் மிகுதியாக இல்லை. கல்லூரிக்கும் ஊருக்கும் இடையே பாலம் அமைப்பது குறித்து இன்று பலரும் பேசுகின்றனர். இவ்வேளையில், அப்பாலத்தை இம்மண்ணில் முதன்முதலாக அமைத்தோருள் ஒருவரான அவரது வரலாற்றை நம் மாணவர் அறிந்துகொள்வது நன்று.

சிலேட்டர் 1864ஆம் ஆண்டு இங்கிலாந்தின் தென்மேற்குக் கடற்கரை நகரான பிளிமத்தில் பிறந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் புனித யோவான் கல்லூரியில் பயின்றார். தேம்சு ஆற்றங்கரையில் ஆயுதத் தொழிற்சாலையும் தொழிலாளர் குடியிருப்புகளும் நிறைந்த வுல்விச் பகுதியின் பொதுவாழ்வில் ஈடுபட்டு, 1905-06இல் அந்நகரின் மேயராகவும் பணியாற்றினார். குடிநீரும் சாக்கடையும் வாடகை வீடும் அன்றாடக் கவலைகளாக இருந்த ஓர் ஊரின் மேயர் பதவி அது. பிற்காலத்தில் தமிழகச் சிற்றூரைக் காணவந்தபோது எதைக் கேட்க வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார் என்றால், அவ்வறிவு கேம்பிரிட்ஜில் கிடைத்தது பாதியே; மீதி வுல்விச் தெருக்களில் கிடைத்தது என்றே கருதத் தோன்றுகின்றது.

அவருக்கு அறிஞர் என்ற பெயரைத் தேடித்தந்தது, இங்கிலாந்தின் உழவரைப் பற்றி 1907இல் அவர் வெளியிட்ட நூலாகும். அதன் பொருளைச் சற்று விரிவாகக் காண்போம். சென்னையில் அவர் செய்த பணிக்கு வேர் அங்கேதான் உள்ளது. முற்காலத்தில் இங்கிலாந்தின் பல ஊர்களில் வயல்களுக்கு வேலி கிடையாது. பெரிய பொதுவயல் நீண்ட துண்டுகளாகப் பகுக்கப்பட்டிருக்கும். ஓர் உழவனுக்கு இங்கொன்றும் அங்கொன்றுமாகத் துண்டுகள் இருக்கும். எதை எப்போது விதைப்பது, அறுவடைக்குப் பின் யாருடைய மாடுகள் எப்போது மேய்வது என்பவற்றை ஊரே கூடி முடிவு செய்யும். நம்மூர் மேய்க்கால் புறம்போக்கைப் போன்ற பொதுநிலங்களும் இருந்தன. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் நாடாளுமன்றச் சட்டங்களின் வழியாக இந்நிலங்கள் ஊர் ஊராக அளக்கப்பட்டு, வேலியடைக்கப்பட்டுத் தனியுடைமையாயின. பெருநிலக்காரர் பெருகினர். ஒரு மாட்டையும் சில வாத்துகளையும் பொதுநிலத்தில் மேய்த்துப் பிழைத்த ஏழை, கூலியாளாகி நகரத்துக்குப் பெயர்ந்தான்.

இச்செய்தியைச் சட்ட ஏடுகளிலிருந்தே எழுதிவிட முடியும். பலர் அவ்வாறு எழுதியும் உள்ளனர். சிலேட்டர் ஏடுகளையும் பார்த்தார், ஊர்களையும் பார்த்தார். பீட்டர்பரோ நகரருகே காஸ்டர், ஏல்ஸ்வொர்த் என்னும் இரட்டை ஊர்களில் 1898இல்தான் வேலியடைப்பு நிகழ்ந்தது. பழைய முறையில் உழுத கைகள் அங்கே இன்னும் உயிரோடு இருந்த காலம் அது. நாட்டிங்காம் பகுதியிலுள்ள லாக்ஸ்டன் என்னும் ஊரிலோ பொதுவயல் முறை அன்றும் வழக்கில் இருந்தது, இன்றும் இருக்கின்றது. இவற்றைக் கண்டும் கேட்டும் எழுதியமையால் அவர் நூலில் சட்டத்தின் பின்னே மனிதர் தெரிகின்றனர். ஓர் ஊரின் நிலம் யார் கையில் உள்ளது என்பதை அறிந்தால் அவ்வூரின் மற்றச் செய்திகளுக்கு வழி திறக்கும் என்னும் தெளிவு அவருக்கு இங்ஙனம் உண்டாயிற்று.

1909இல் ஆக்சுபோர்டிலுள்ள ரஸ்கின் கல்லூரியின் முதல்வர் பொறுப்பு அவரை வந்தடைந்தது. சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்த தொழிலாளர்கள் உயர்கல்வி பெறுவதற்காக 1899இல் நிறுவப்பட்ட கல்லூரி அது. அவர் பொறுப்பேற்ற ஆண்டில் அங்கே பெரும் கொந்தளிப்பு ஏற்பட்டிருந்தது. முந்தைய முதல்வர் டென்னிஸ் ஹர்ட் பதவி நீக்கப்பட்டதை எதிர்த்து மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்தனர். ஒரு பிரிவினர் வெளியேறித் தமக்கெனத் தனிக் கல்லூரி அமைத்துக்கொண்டனர். தொழிலாளிக்குக் கற்பிக்கப்படும் பொருளியல் யாருடைய பொருளியல் என்பதே பூசலின் அடிப்படை. அத்தகைய இடத்தில் ஆறாண்டுகள் முதல்வராக இருந்தவருக்கு, மாணவன் வெறும் செவியுடையவன் அல்லன், தன் வாழ்விலிருந்து சொல்லத்தக்க செய்தியுடையவன் என்பது தெரியாமல் இராது.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தோன்றியது. நெடுங்காலம் அது தேர்வு நடத்தும் நிறுவனமாகவே இயங்கியது. பாடம் நடத்தியவை கல்லூரிகள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் பல்கலைக்கழகமே ஆசிரியரை அமர்த்தி ஆய்வை வளர்க்கும் முறை உருவாயிற்று. அவ்வகையில் இந்தியப் பொருளியலுக்கென ஏற்பட்ட பேராசிரியர் இருக்கையின் முதல் உரிமையாளராகச் சிலேட்டர் 1915இல் சென்னை வந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தொன்று. ஐரோப்பாவில் முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த நேரம்.

அன்றைய மாணவர் கற்ற பொருளியல் இங்கிலாந்தின் ஆலைகளையும் வங்கிகளையும் பற்றியது. லங்காஷயர் நெசவாலையின் கூலி விதியை ஒப்பிக்கும் இளைஞனுக்குத் தன் வீட்டு நிலத்தில் அறுவடை செய்வோர் எத்தனை மரக்கால் பெறுகின்றனர் என்று தெரியாது. தெரிந்தாலும் அது பாடமாகும் என்று எண்ணமாட்டான். இந்தியப் பொருளியல் என்னும் பெயரில் இருக்கை இருந்ததே தவிர, அதில் அமர்ந்தவர் சொல்லிக் கொடுப்பதற்கு உரிய செய்தி தொகுக்கப்படவில்லை. மக்கள்தொகைக் கணக்கு இருந்தது. நிலவரித் திட்டத்தின் பைமாசுக் கணக்கு இருந்தது. மாவட்ட விவரச் சுவடிகள் இருந்தன. அவை அனைத்தும் அரசு தன் தேவைக்காக மேலிருந்து பார்த்து எழுதியவை. ஓர் உழவுக் குடும்பம் ஆண்டு முழுவதும் எவ்வாறு உண்டு, உடுத்து, கடன்பட்டு வாழ்கின்றது என்பதை அவை கூறவில்லை.

சிலேட்டருக்குத் தமிழ் தெரியாது. அவரிடம் ஆய்வுப் பணியாளர் படையும் இல்லை. இருந்தவர்கள் மாணவர்களே. அவர்கள் தென்னாட்டின் பல மாவட்டங்களிலிருந்து சென்னைக்கு வந்து தங்கிப் பயின்றவர்கள். விடுமுறை வந்தால் ஊருக்குப் போவார்கள். அந்தப் பயணத்தையே அவர் ஆய்வுப் பயணமாக மாற்றினார். வினாப்பட்டியல் ஒன்றை வகுத்தார். ஊரில் எத்தனை குடும்பங்கள், நிலம் யாருக்கு எவ்வளவு, வாரத்துக்கு விடப்படுவது எவ்வளவு, கூலி பணமா தானியமா, கடன் யாரிடம், வட்டி என்ன, ஏரியும் வாய்க்காலும் எந்நிலையில் உள்ளன, கைத்தொழில் எவை, வெளியூருக்குப் பிழைக்கச் சென்றோர் எத்தனை பேர் என்பன போன்ற வினாக்கள் அதில் அடங்கும். மாணவர் ஒவ்வொருவரும் தம் சொந்த ஊரில், தம் தாய்மொழியில், தம்மை அறிந்த மக்களிடம் கேட்டு எழுதிவர வேண்டும்.

இது எளிமையானதாகத் தோன்றும். ஆனால் அதன் நுட்பம் எண்ணத்தக்கது. அயலூரிலிருந்து அதிகாரி வந்து நிலத்தைக் கேட்டால், வரி உயரப் போகின்றது என்று அஞ்சி உழவன் குறைத்துச் சொல்வான். கடனைக் கேட்டால் மானம் கருதி மறைப்பான். பக்கத்துத் தெருப் பிள்ளை கேட்டால் பாதியாவது உண்மை வெளிவரும். பொய் சொன்னாலும் பிள்ளைக்குத் தெரிந்துவிடும். செலவும் இல்லை. இன்னொன்றும் உண்டு. வினவப்பட்டவர்கள் ஊரார், மாற்றமடைந்தவன் மாணவன். நாள்தோறும் நடந்த தெருவைத் தாளும் எழுதுகோலுமாக அவன் மறுபடி நடந்தபோது, அதுவரை காணாதவற்றைக் கண்டிருப்பான்.

இவ்வாறு திரண்ட கட்டுரைகளைத் தொகுத்துச் சீர்செய்து, தென்னிந்தியக் கிராமங்கள் சிலவற்றைப் பற்றிய நூலாக 1918இல் வெளியிட்டார். சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் ஆய்வு வரிசையில் முதல் நூல் அதுவே. இராமநாதபுரம் மாவட்டத்தில் அன்றிருந்த வடமலைபுரம், திருநெல்வேலிச் சீமையின் கங்கைகொண்டான், தஞ்சையின் பாலக்குறிச்சி, வடஆர்க்காட்டின் தூசி, தென்ஆர்க்காட்டின் இருவேல்பட்டு ஆகிய ஊர்கள் தமிழகத்திலிருந்து இடம்பெற்றன. குருவாயூர் முதலிய மலையாளத்து ஊர்களும் உண்டு. மேல்மலையனூரும் செஞ்சியும் அன்று தென்ஆர்க்காட்டைச் சேர்ந்தவை. விழுப்புரம் மாவட்டம் பிரிந்தது 1993இல்தான். ஆதலின் நம் வட்டாரத்தின் முதல் ஊராய்வு எது என்று வினவினால், இருவேல்பட்டைச் சுட்டுவதில் தவறில்லை.

அந்நூல் வெளிச்சத்துக்குக் கொணர்ந்தவற்றுள் முதன்மையானது படியாள் முறை. படி அளந்து கூலி பெறுபவன் படியாள். தஞ்சைப் பக்கம் பண்ணையாள் என்பர். திருமணம் போன்ற செலவுக்காக நிலக்காரரிடம் சிறுதொகை கடன் வாங்குவான். அதைத் தீர்க்க அவன் கூலி போதாது. கடன் தீரும்வரை வேறிடத்தில் வேலைக்குச் செல்ல இயலாது. அவன் இறந்தால் கடன் மகன்மேல் ஏறும். மகன் திருமணத்துக்குப் புதுக்கடன் சேரும். சட்டப் புத்தகத்தில் அடிமை முறை ஒழிந்து எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது; வயலில் அது கடன் என்னும் பெயரில் தொடர்ந்தது. இதனை ஊரார் அறிவர். ஆனால் ஊரார் அறிந்தது பல்கலைக்கழகம் அச்சிட்ட நூலில் ஏறியபோது, அறியோம் என்று ஆட்சியாளர் கூறும் வழி அடைபட்டது.

போற்றத்தக்க முயற்சியே எனினும் அதன் குறையையும் கூறுதல் வேண்டும். 1916இல் சென்னைக்கு வந்து கல்லூரியில் பயிலத்தக்க வசதி யாருக்கு இருந்தது? பெரும்பாலும் நிலமுடைய குடும்பங்களின் ஆண்மக்களுக்கே. சொந்த ஊரில் வினவினான் என்பது பலமும் ஆகும், பலவீனமும் ஆகும். தன் தந்தையிடம் கடன்பட்ட படியாளிடம், கடனைப் பற்றி எப்படித் தயங்காமல் கேட்பான்? கேட்டாலும் அவன் என்ன விடை சொல்வான்? சேரிக்குள் நுழைந்து அமர்ந்து எழுதும் துணிவு அந்நாளில் எத்தனை பேருக்கு இருந்திருக்கும்? அடுக்களையில் என்ன வேகின்றது, யார் கடைசியில் உண்கின்றார் என்பதை இளைஞன் ஒருவன் அயல் வீட்டுப் பெண்களிடம் கேட்டறிதலும் எளிதன்று. ஆகவே அவ்வறிக்கைகளில் சில தெருக்கள் வெயிலில் கிடக்கின்றன. சில நிழலில் கிடக்கின்றன. பிற்கால ஆய்வாளர் இதனை உணர்ந்தே அவற்றைப் பயன்படுத்துகின்றனர்.

மற்றொரு குறை இதனினும் பெரிது என்பது என் கருத்து. நூல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. விடை சொன்னவர்களுள் அதைப் படிக்கத்தக்கவர் விரல்விட்டு எண்ணத்தக்கோர். ஊர் தன்னைப் பற்றிய உண்மையைக் கொடுத்தது. அவ்வுண்மை ஊரின் மொழியில் ஊருக்குத் திரும்பவில்லை. சிலேட்டரை மட்டும் குறைகூறுதல் பொருந்தாது. அவர் காலத்தில் ஒருவரும் அப்படி எண்ணவில்லை. நம் காலத்தில் எண்ணுகின்றோமா என்பதைப் பின்னர்ப் பார்ப்போம்.

1921இல் அவர் பேராசிரியர் பொறுப்பிலிருந்து விலகினார். சிறிது காலம் சென்னை அரசின் செய்தித் தொடர்புப் பணியில் இருந்து, பின்னர்த் தாயகம் திரும்பினார். 1924இல் இந்தியப் பண்பாட்டில் திராவிடக் கூற்றைப் பற்றிய நூலை வெளியிட்டார். இந்திய நாகரிகத்தின் அடித்தளம் ஆரியரால் இடப்பட்டதன்று, அதற்கு முன்பே இங்கு வாழ்ந்த திராவிட மக்களால் இடப்பட்டது என்பது அவர் கொள்கை. சிந்துவெளி அகழாய்வின் செய்தியைச் சர் ஜான் மார்ஷல் உலகுக்கு அறிவித்ததும் அதே ஆண்டில்தான். சிலேட்டரின் வாதங்கள் அனைத்தும் இன்றைய அறிவியலுக்கு முன் நிற்கமாட்டா. மக்களின் குணத்தை இனத்தோடு முடிச்சிடும் அக்கால வழக்கம் அவரிடமும் உண்டு. எனினும் தமிழரின் ஏரையும் ஏரியையும் கண்ட கண், நாகரிகத்தை உழைப்பிலிருந்து தேடியது என்பதை மறுக்க இயலாது. 1936இல் தென்னிந்தியாவின் அரசியல், பொருளியல் சிக்கல்களைப் பற்றி மற்றொரு நூல் எழுதினார். இடையில் 1931இல், சேக்சுபியர் பெயரிலுள்ள நாடகங்களை எழுதியவர்கள் எழுவர் என்று நிறுவவும் ஒரு நூல் எழுதினார்! ஊர்க்கணக்கில் அத்துணை விழிப்பாக இருந்தவர் நாடகக் கணக்கில் இப்படித் தடுமாறினாரே என்று இலக்கிய மாணவர் நகைக்கலாம். 1938இல் அவர் காலமானார்.

அவருக்குப்பின் பேராசிரியர் பி.ஜே. தாமசும் கே.சி. இராமகிருஷ்ணனும் 1936-37இல் அதே ஊர்களுக்கு மீண்டும் ஆய்வாளர்களை அனுப்பினர். அம்மறுஆய்வு 1940இல் வெளிவந்தது. 1961இல் மார்கரெட் ஹாஸ்வெல் என்னும் ஆங்கிலேய அறிஞர் வந்தார். 1980களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தார் அவ்வூர்களை மறுபடி அளந்தனர். இருவேல்பட்டுக்குச் சென்றவர்கள் எஸ். குகனும் அமெரிக்க மானிடவியலாளர் ஜோன் மெஞ்சரும். 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோர் சென்றனர். பெருநிலக்குடும்பம் ஒன்றின் பிடியில் இருந்த அவ்வூரில் அப்பிடி தளர்ந்தமையும், தலித் மக்கள் பழைய சார்பிலிருந்து பெருமளவு விடுபட்டமையும், வயலுக்கு வெளியே பிழைப்பு தேடுவோர் பெருகினமையும் அவர்கள் ஆய்வில் வெளிப்பட்டன. படியாள் முறை எப்போது, எதனால் மறைந்தது என்று வாதிடுவோர் இன்று வெறும் நினைவை நம்ப வேண்டியதில்லை. பேர் தெரியாத மாணவர்கள் விடுமுறையில் எழுதிய தாள்கள் துணை நிற்கின்றன.

அவ்வூர் அண்மையில் வேறொரு காரணத்தால் செய்தியில் அடிபட்டது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையால் தென்பெண்ணை பெருக்கெடுத்தபோது இருவேல்பட்டு வெள்ளத்தில் சிக்கியது. உதவி வந்து சேரவில்லை என்று மக்கள் சினந்து நெடுஞ்சாலையை மறித்தனர். தலைவணங்கிப் படி அளந்து வாங்கிய ஊர், சாலையில் இறங்கி உரிமை கேட்டது. 1916இன் ஏட்டைப் படித்தவருக்கு இதன் பொருள் தனியே விளங்கும்.

மாணவரை ஊருக்கு அனுப்பிய எண்ணம் சிலேட்டருக்கு மட்டும் உரியதன்று. ஏறத்தாழ அதே காலத்தில் புனே வேளாண்மைக் கல்லூரியின் முதல்வர் ஹெரால்டு மான், அந்நகரை அடுத்த சிற்றூர் ஒன்றை ஆராய்ந்து 1917இல் நூலாக்கினார். தஞ்சையில் பிறந்த ஜே.சி. குமரப்பா, குஜராத் வித்யாபீடத்தின் மாணவரை அழைத்துக்கொண்டு கேடா மாவட்டத்து மாத்தர் வட்டத்தின் 50க்கும் மேற்பட்ட ஊர்களை ஆராய்ந்தார். 1931இல் அறிக்கை வெளிவந்தது. நிலவரியின் சுமை உழவனை எப்படி நசுக்குகின்றது என்பதை அரசுக்கும் மக்களுக்கும் காட்டுவதே அதன் நோக்கம். சிலேட்டரிடம் காணாத ஒன்று குமரப்பாவிடம் உண்டு. கேட்டறிந்தது யாருக்குப் பயன்பட வேண்டும் என்பதை அவர் முதலிலேயே முடிவு செய்திருந்தார். விடுதலைக்குப் பின் 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. இரண்டாண்டுகளில் 240 மணிநேரப் பணியும் ஏழுநாள் சிறப்பு முகாமும் அதன் முறை.

அம்முகாம்களில் நம் மாணவர் கோயில் வளாகத்தைத் தூய்மை செய்கின்றனர், மரக்கன்று நடுகின்றனர், கண் சிகிச்சை முகாமுக்கு ஆள் திரட்டுகின்றனர். இவை வேண்டியவையே. எனினும் ஏழாம் நாள் மாலை வாழ்த்துரைகள் முடிந்து பேருந்து கிளம்பிய பின், ஊருக்கும் கல்லூரிக்கும் என்ன தொடர்பு எஞ்சுகின்றது? மறுபுறம், இறுதியாண்டு மாணவர் செய்யும் ஆய்வுத் திட்டங்கள் உள்ளன. அவற்றுள் பல முன்னவர் எழுதியதைப் பின்னவர் பெயர் மாற்றி எழுதுபவை. ரெக்சின் அட்டையும் பொன்னெழுத்தும் பெற்றுத் துறை அலமாரியில் அடங்கிவிடும். முகாமில் ஊர் உண்டு, ஆய்வு இல்லை. திட்டக் கட்டுரையில் ஆய்வு என்னும் பெயர் உண்டு, ஊர் இல்லை. சிலேட்டர் இவ்விரண்டையும் ஒன்றாகக் கண்டார்.

மேல்மலையனூர் வட்டாரத்தை அவர் கண்ணால் நோக்கினால் வினாக்களுக்குப் பஞ்சமில்லை. அங்காளம்மன் கோயிலில் அமாவாசை இரவு ஊஞ்சல் உற்சவத்துக்கு வந்து திரளும் மக்களை நம்பி எலுமிச்சை, பூ, தேங்காய், சிற்றுண்டி விற்கும் குடும்பங்கள் எத்தனை? முதலுக்கு எவ்வட்டியில் கடன் வாங்குகின்றனர். விடிந்த பின் கையில் நிற்பது என்ன? அன்றிரவு சேரும் குப்பையை வாருபவர் யார்? அவருக்குக் கையுறை உண்டா? மணிலா பயிரிடுவோர் விளைச்சலைச் செஞ்சிக்குக் கொண்டுசெல்வதற்குள் இடையில் எத்தனை கைகள் மாறுகின்றன? வரத்துக்கால்வாய் தூர்ந்த ஏரிகள் எவை? செங்கல் சூளைக்கும் வெளிமாநில வேலைக்கும் எந்தத் தெருவிலிருந்து குடும்பத்தோடு செல்கின்றனர். அவர்தம் பிள்ளைகளின் பள்ளி என்னாகின்றது?

இவற்றை மாணவர் தனியே சென்று கேட்க வேண்டுவதில்லை. சிலேட்டர் காலத்தில் இல்லாத துணை இன்று ஊருக்கு ஊர் உண்டு. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் கடனையும் சேமிப்பையும் வாரந்தோறும் ஏட்டில் எழுதுகின்றன. பால் கூட்டுறவுச் சங்கம், ஏரிப்பாசன விவசாயிகள், பள்ளி மேலாண்மைக் குழு, பள்ளிவாசல் ஜமாஅத், இளைஞர் மன்றம் என அமைப்புகள் பல. வினாக்களை வகுக்கும்போதே அவர்களோடு அமர வேண்டும். பேராசிரியருக்கு வேண்டிய வினா ஒன்றாகவும், ஏரிக்கரை உழவருக்கு வேண்டிய வினா வேறாகவும் இருக்கும். இரண்டும் ஒரே தாளில் இடம்பெறலாம். 1916இன் மாணவரைப் போலன்றி, இன்று நம் வகுப்பில் கூலி உழவர் வீட்டுப் பெண்பிள்ளை இருக்கின்றாள். பூ விற்பவர் மகன் இருக்கின்றான். அன்று நிழலில் கிடந்த தெருக்களுக்குள்ளிருந்தே இன்று எழுதுவோர் வருகின்றனர். சிலேட்டர் பெறாத பேறு இது. இதனை ஆசிரியராகிய நாம் இன்னும் முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

எழுதியது எங்கே போய்ச் சேர்வது என்பதற்கும் இன்று விடை உண்டு. தமிழகத்தில் சனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் ஊராட்சிதோறும் கிராமசபை கூடுகின்றது. ஆய்வுத் திட்டத்தைப் பருவத் தொடக்கத்தில் ஏற்கும் மாணவர் குழு, அதன் முடிவை நான்கு பக்கத் தமிழில் சுருக்கி இவற்றுள் ஒரு நாளில் விடை சொன்னவர் முன்னிலையில் படிக்கலாம். தவறான கணக்கு இருப்பின் அங்கேயே எழுந்து திருத்துவார்கள். எந்தத் தேர்வாளரினும் கடுமையான தேர்வாளர் அவர்கள். திருத்திய படி ஒன்று ஊராட்சி அலுவலகத்தில் இருக்கட்டும், ஒன்று நூலகத்தில் இருக்கட்டும், ஒன்று கல்லூரிக்கு வரட்டும். பெயர்களை நீக்கி எழுதுதல் வேண்டும். கடன்பட்டவரின் பெயர் அவையில் ஒலிக்கலாகாது. மறு ஆண்டு மாணவர் புதிய தலைப்பைத் தேடி அலையாமல், அதே தெருவில் அதே வினாக்களோடு தொடங்கலாம்.